94 ஆட்டங்கள் மட்டும் ஆடிய லூயிஸ் சாக்கலெக்சிஸ்



இந்த மாதம் நம் சுவர்ப் பத்திரிகையில் விளையாட்டுப் பகுதி எழுதுவது என் முறை. நான் கிரிக்கெட் வீரர் யாரையாவது பற்றித்தான் எழுதுவேன் என்று எங்க வகுப்புப் பசங்க பந்தயமே கட்டியிருக்காங்க. அவங்க எல்லாரும் தோத்துட்டாங்க! நான் எழுதப் போவது கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி மாதிரி இருக்கும் பேஸ்பால் என்ற விளையாட்டின் வீரர் ஒருவரைப் பற்றி. அவர் பெயர் லூயிஸ் சாக்கலெக்சிஸ். அவர் இறந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பெரிய லீக்கில் அவர் ஆடியது மொத்தம் 94 ஆட்டங்கள்தான். ஆனாலும் அமெரிக்காவில் பேஸ்பால் வரலாறு எழுதுகிற யாரும் அவர் பெயரை விட்டுவிட்டு எழுத முடியாது.

சரித்திரத்தில் எத்தனையோ பேர் இருக்க, இவரை ஏன் எடுத்தாய் என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு காரணம் இருக்கு. அதைக் கடைசியில் சொல்றேன். நேரா கடைசிப் பத்திக்குப் போகாம வரிசையாப் படிங்க, ப்ளீஸ்.

முதலில் ஆட்டத்தைப் புரிஞ்சுக்குவோம்

பேஸ்பாலில் ஒரு அணிக்கு 9 பேர். நம்ம பௌலர் மாதிரி அங்கே பிட்சர். அவர் பந்தைத் தரையில் குத்தவிடாமல் நேராக எறிவார். 1893-ஆம் ஆண்டிலிருந்து பிட்சர் நிற்கும் இடத்துக்கும் மட்டை பிடிப்பவருக்கும் உள்ள தூரம் 60 அடி 6 அங்குலம். நம்ம கிரிக்கெட் பிட்ச் 66 அடி. கிட்டத்தட்ட ஒண்ணுதான். மட்டை மட்டும் உருட்டுக்கட்டை மாதிரி உருண்டையாக இருக்கும். பந்தை அடித்துவிட்டு ஓட வேண்டும். 90 அடிக்கு ஒரு பேஸ் என்று நாலு மூலை. நாலையும் சுற்றி வந்தால் ஒரு ரன். பந்து மைதானத்தின் வேலியைத் தாண்டிப் போனாலோ, ஒரே அடியில் நாலு மூலையையும் சுற்றி வந்துவிட்டாலோ அது ஹோம் ரன்.

பந்தைப் பிடிக்கிறவர்களில் மூன்று பேர் ரொம்ப தூரத்தில் நிற்பார்கள். அவர்களுக்கு அவுட்ஃபீல்டர் என்று பெயர். நம்ம பவுண்டரி லைன் ஃபீல்டர் மாதிரி. உயரத்தில் வரும் பந்தை ஓடிப்போய்ப் பிடிக்கணும், பிடித்த வேகத்தில் மூலைக்கு எறியணும். வலது பக்கம் நிற்பவருக்குக் கை ரொம்ப வலுவாக இருக்கணும். ஏனென்றால் மூணாவது மூலைக்கு அவர் எறிய வேண்டிய தூரம்தான் ரொம்ப அதிகம். நம்ம லூயிஸ் நின்றது அந்த வலது பக்கத்தில்தான்.

ஆற்று நடுவே ஒரு தீவு

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் மேய்ன் என்று ஒரு மாநிலம். குளிர் அதிகம், காடு அதிகம். அங்கே பெனாப்ஸ்காட் என்ற ஆறு ஓடுகிறது. அந்த ஆற்றின் நடுவில், ஓல்ட் டவுன் என்ற ஊருக்கு எதிரே, இந்தியன் ஐலண்ட் என்று ஒரு தீவு. பெயரைப் பார்த்து நம்ம நாட்டோடு சேர்த்துவிடாதீங்க. கொலம்பஸ் 1492-இல் தப்பாக நினைத்துக்கொண்டதால் அமெரிக்கப் பூர்வகுடி மக்களுக்கு ஒட்டிக்கொண்ட பெயர் அது. அந்தத் தீவில் வாழ்பவர்கள் பெனாப்ஸ்காட் இன மக்கள். ஆற்றுக்கே அவர்கள் பெயர்தான்.

அந்தத் தீவில் 1871-ஆம் ஆண்டு அக்டோபர் 24 அன்று லூயிஸ் பிறந்தார். அந்தக் காலத்தில் தீவுக்குப் பாலம் கிடையாது. படகில்தான் போகணும் வரணும். குளிர்காலத்தில் ஆறு உறைந்துவிட்டால் பனிக்கட்டி மேலேயே நடப்பார்கள். தீவின் ஆண்கள் பலருக்குக் காட்டில் மரம் வெட்டி ஆற்றில் மிதக்கவிட்டுக் கொண்டுபோகும் வேலை.

இன்னொரு விஷயமும் சொல்லணும். அமெரிக்கா பிரிட்டனை எதிர்த்துச் சுதந்திரத்துக்காகப் போரிட்டபோது பெனாப்ஸ்காட் மக்கள் அமெரிக்கர்கள் பக்கம் நின்றவர்கள். ஆனாலும் அமெரிக்கப் பூர்வகுடி மக்கள் எல்லாருக்கும் குடியுரிமை என்று சட்டம் வந்தது 1924-இல்தான். மேய்ன் மாநிலத்தில் தீவு மாதிரி ஒதுக்கப்பட்ட இடங்களில் வாழ்ந்தவர்கள் தேசியத் தேர்தலில் ஓட்டுப் போட முடிந்தது 1954-இல். லூயிஸ் பிறந்தபோது நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க.

கல்லூரியில் கிடைத்த புகழ்

சின்ன வயசிலேயே ஓட்டம், எறிதல், மட்டை மூன்றிலும் லூயிஸுக்கு நிகர் யாரும் இல்லை. கோடைகாலத்தில் ஊர் அணிகளுக்காக ஆடிக்கொண்டிருந்தவரை, மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உஸ்டர் நகரில் இருக்கும் ஹோலி கிராஸ் என்ற கத்தோலிக்கக் கல்லூரி சேர்த்துக்கொண்டது. 1895, 1896 இரண்டு ஆண்டுகளும் அந்தக் கல்லூரி அணியில் அவர்தான் நட்சத்திரம். பந்து எறிவார், அவுட்ஃபீல்டில் பிடிப்பார், அடிப்பார். இன்னொரு கல்லூரியோடு ஆடும்போது அவர் அடித்த பந்து அந்தக் கல்லூரிக் கட்டடத்தின் மேல்மாடி ஜன்னலை உடைத்தது என்று ஒரு கதை உண்டு. நம்ம ஸ்கூலில் சயின்ஸ் லேப் ஜன்னல் உடைஞ்ச கதை மாதிரி. என்ன, அங்கே யாரும் ஃபைன் கட்டச் சொல்லவில்லை போலிருக்கு.

உஸ்டர் ஊர்க்காரர் ஒருவர் இங்கே முக்கியம். அவர் பெயர் ஜெஸ்ஸி பர்கெட். அந்தக் காலத்தின் மிகச் சிறந்த மட்டைக்காரர்களில் ஒருவர். கிளீவ்லாண்ட் ஸ்பைடர்ஸ் என்ற தொழில்முறை அணியின் அவுட்ஃபீல்டர். ஓய்வுக் காலத்தில் ஹோலி கிராஸ் மாணவர்களுக்குப் பயிற்சி கொடுப்பார். லூயிஸின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டுத் தன் அணியில் போய்ச் சொன்னவர் அவர்தான்.

1897 தொடக்கத்தில் லூயிஸ் நோட்டர் டேம் கல்லூரிக்கு மாறினார். கூடவே அவருடைய அணி நண்பர் ஒருவரும் மாறினார். ஆனால் அங்கே அதிக நாள் நிலைக்கவில்லை. மார்ச் மாதம் குடித்துவிட்டுத் தகராறு செய்ததாக அவரைக் கல்லூரியில் இருந்து நீக்கிவிட்டார்கள். அவர் வாழ்க்கையில் பின்னால் வரப்போவதற்கு அது ஒரு முன்னறிவிப்பு மாதிரி இருந்தது. ஆனால் அப்போது யாரும் அதை அப்படிப் பார்க்கவில்லை. அதே மாதம் கிளீவ்லாண்ட் அணி அவரோடு ஒப்பந்தம் போட்டது. நீக்கப்பட்ட மாணவர் அடுத்த சில நாளில் தொழில்முறை வீரர் ஆகிவிட்டார்.

மூன்று மாதம் அடித்த புயல்

அப்போது நேஷனல் லீக்கில் 12 அணிகள். அமெரிக்காவிலேயே பெரிய லீக் என்றால் அது ஒன்றுதான். 1897 ஏப்ரல் 22 அன்று லூயிஸ்வில் நகரில் சாக்கலெக்சிஸ் தன் முதல் ஆட்டத்தை ஆடினார். அப்போது வயசு 25. தான் ஒரு பூர்வகுடி என்று எல்லாருக்கும் தெரிய, வெளிப்படையாகப் பெரிய லீக்கில் இறங்கிய முதல் வீரர் அவர்தான். கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் தடையை உடைத்தது 1947-இல். அதற்குச் சரியாக 50 வருஷம் முன்னாடி நடந்தது இது.

ஆட்டம் எப்படி? பிரமாதம். இடது கைப்பக்கம் நின்று அடிப்பார், வலது கையால் எறிவார். ஓட்டம் மான் மாதிரி. கிளீவ்லாண்ட் அணியின் பெயர் ஸ்பைடர்ஸ், அதாவது சிலந்திகள். ஆனால் இவர் வந்ததும் பத்திரிகைகள் அந்த அணியையே இந்தியன்ஸ் என்று எழுத ஆரம்பித்துவிட்டன. ஒரே ஆள் வந்ததால் ஒரு அணிக்கே புதுப் பட்டப்பெயர்.

இதைக் கேட்டால் பெருமையாகத் தோன்றும். ஆனால் மைதானத்தில் நடந்தது வேறு. அவர் மட்டையோடு நடந்து வரும்போதெல்லாம் கூட்டம் ஊளையிடும். பூர்வகுடி மக்கள் போருக்குப் போகும்போது இப்படித்தான் கத்துவார்கள் என்று தாங்களாகவே கற்பனை செய்துகொண்ட ஒரு சத்தம். வாயில் கையை வைத்துத் தட்டித் தட்டிக் கத்துவது. அடித்தாலும் கத்துவார்கள். அவுட் ஆனாலும் கத்துவார்கள். பந்தைப் பிடித்தாலும் விட்டாலும் கத்துவார்கள். பத்திரிகைகளில் கேலிப்படங்கள். அவர் பெயரை வைத்துச் சிலேடைகள். ஊண்டட் நீ என்ற இடத்தில் அமெரிக்க ராணுவம் பூர்வகுடி மக்களைப் பெண்கள் குழந்தைகள் என்று பார்க்காமல் சுட்டுக் கொன்றது 1890 டிசம்பரில். இவர் ஆட வந்தபோது அதற்கு ஏழு வருஷம்கூட முடியவில்லை. அந்தக் கோபமும் பயமும் ஏளனமும் எல்லாம் சேர்ந்துதான் அந்த மைதானத்தில் சத்தமாக வந்தது.

அவர் என்ன செய்தார்? பெரும்பாலும் சிரித்துக்கொண்டே நின்றார். சில சமயம் கூட்டத்தைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கிக் காட்டுவாராம். பிறகு பந்தை அடிப்பார்.

1897 ஜூன் 16. நியூயார்க் நகரின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானம். எதிரே பந்து எறிபவர் ஏமஸ் ரூஸி. அவர் எறியும் வேகத்துக்குப் பயந்துதான் 1893-இல் பிட்சரின் தூரத்தையே கூட்டினார்கள் என்று சொல்லும் அளவுக்கு வேகமானவர். இந்தப் புதுப் பையனை ரூஸி ஒரு வழி பண்ணிவிடுவார் என்று நியூயார்க் ரசிகர்கள் காத்திருந்தார்கள். சாக்கலெக்சிஸ் நடந்து வந்தார். வழக்கம்போல ஊளை. அன்றைக்கு அவர் மட்டை பிடித்த முதல் முறையிலேயே ரூஸியின் பந்தை ஹோம் ரன் அடித்தார். நாலு மூலையையும் சுற்றி ஓடி வந்து சேர்ந்தார்.

நண்பர்களே, இந்த இடத்தைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

கீழே இறங்கிய பாதை

சினிமாவாக இருந்தால் இங்கேயே வணக்கம் போட்டுவிடுவார்கள். ஆனால் நிஜ வாழ்க்கை அதற்கப்புறமும் நடந்துகொண்டே இருக்கும், இல்லையா?

ஒவ்வொரு ஊரிலும் அவரோடு சேர்ந்து குடிப்பதற்கு ஆட்கள் காத்திருந்தார்கள். மைதானத்தில் ஊளையிட்ட அதே ஆட்கள் ராத்திரி தோளில் கைபோட்டு வாங்கிக் கொடுப்பார்கள். அவருக்கு ஏற்கெனவே இருந்த பழக்கம் அதிகமானது. 1897 ஜூலை மாதத் தொடக்கத்தில், குடித்திருந்த ஒரு ராத்திரி, கணுக்காலில் பலமான அடி. மாடி ஜன்னலில் இருந்து குதித்தார் என்று ஒரு கதை. எப்படி நடந்திருந்தாலும் கால் போனது போனதுதான். ஓட்டத்தை நம்பி வாழ்கிற ஒரு அவுட்ஃபீல்டருக்குக் கால் போனால் என்ன மிஞ்சும்? வீங்கிய காலோடு சில ஆட்டங்கள் ஆடினார். பிடிக்க வேண்டிய பந்துகளை விட்டார். பிறகு பெஞ்சில் உட்கார வைத்தார்கள்.

அந்த ஆண்டுக் கணக்கு இது: 66 ஆட்டங்கள். மட்டை பிடித்தது 278 முறை. சரியான அடி 94. கணக்குப் பசங்களுக்காகச் சொல்றேன், 94-ஐ 278-ஆல் வகுத்தால் 0.338. பேஸ்பாலில் 0.300 இருந்தாலே நல்ல ஆட்டக்காரர். அதாவது பத்து முறையில் மூன்று முறை அடித்தாலே போதும், ஏழு முறை தோற்கலாம். அப்படிப்பட்ட கஷ்டமான விளையாட்டு அது. இவர் எடுத்தது 0.338. ஹோம் ரன் 3. திருடிய பேஸ் 16. திருடியது என்றால் தப்பாக நினைக்க வேண்டாம். பிட்சர் அசந்த நேரம் பார்த்து அடுத்த மூலைக்கு ஓடிவிடுவதற்கு அங்கே அப்படித்தான் பெயர்.

அடுத்த ஆண்டு 1898. ஆடியது 21 ஆட்டங்கள் மட்டுமே. 67 முறையில் 15 அடி. சராசரி 0.224. குடியை விட்டுவிட்டேன் என்று நிர்வாகத்துக்கு வாக்குக் கொடுப்பார். கொஞ்ச நாள் நிற்பார். மறுபடியும் விழுவார்.

1899-இல் கிளீவ்லாண்ட் அணிக்கே ஒரு பெரிய அநியாயம் நடந்தது. அணியின் முதலாளிகள் செயின்ட் லூயிஸ் நகரில் இன்னொரு அணியையும் வாங்கினார்கள். நல்ல வீரர்களை எல்லாம் அங்கே அனுப்பிவிட்டார்கள். ஜெஸ்ஸி பர்கெட் போனார். சை யங் என்ற மாபெரும் பிட்சர் போனார். மிச்சம் மீதி ஆட்களை வைத்துக்கொண்டு கிளீவ்லாண்ட் ஆடியது. 20 வெற்றி, 134 தோல்வி! பெரிய லீக் வரலாற்றில் ஒரே ஆண்டில் இத்தனை தோல்வி வேறு எந்த அணிக்கும் இல்லை. அந்த அணியிலேயே சாக்கலெக்சிஸுக்கு இடம் நிலைக்கவில்லை. 7 ஆட்டங்கள் ஆடினார். மைதானத்திலேயே தடுமாறி விழுந்தார். மே மாதம் அவரை விலக்கிவிட்டார்கள். அந்த ஆண்டு முடிந்ததும் லீக் அந்த அணியையே கலைத்துவிட்டது.

மொத்தம்: 3 ஆண்டு, 94 ஆட்டம், 367 முறையில் 115 அடி, சராசரி 0.313. அவ்வளவுதான். 27 வயசில் பெரிய லீக் முடிந்துவிட்டது.

திரும்பவும் தீவுக்கு

பிறகு சின்னச் சின்ன லீக்குகளில் ஆடிப் பார்த்தார். ஒரு கட்டத்தில் வேலை இல்லாமல், தங்க இடம் இல்லாமல் அலைந்ததற்காக ஜெயிலுக்கும் போனார். பத்திரிகைகள் அதையும் விடாமல் எழுதின. ஒரு காலத்தில் அவர் ஹோம் ரன் அடித்ததை எழுதிய அதே பத்திரிகை உலகம்தான். 1902-இல் லோவெல் அணிக்கும், 1903-இல் சொந்த மாநிலத்து பேங்கர் அணிக்கும் ஆடினார். அத்தோடு தீவுக்குத் திரும்பிவிட்டார்.

அதற்கப்புறம் அவர் வாழ்ந்த பத்து வருஷத்தைப் பற்றி அதிகம் பேர் எழுதுவதில்லை. வீழ்ந்தார், ஒழிந்தார் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்தப் பத்து வருஷம்தான் பிடித்திருக்கு. ஓல்ட் டவுனுக்கும் தீவுக்கும் நடுவே படகு ஓட்டினார். குளிர்காலத்தில் காட்டுக்குப் போய் மரம் வெட்டினார். உள்ளூர் ஆட்டங்களுக்கு அம்பயராக நின்றார். தீவின் சின்னப் பசங்களுக்குப் பேஸ்பால் சொல்லிக் கொடுத்தார். அவரிடம் கற்றுக்கொண்ட பசங்களில் சிலர் வெளியூர்த் தொழில்முறை அணிகளில் போய் ஆடினார்கள். தோற்றுத் திரும்பி வந்த மனிதன் தனக்குத் தெரிந்ததைத் தன் ஊர்ப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இதை வீழ்ச்சி என்று மட்டும் எப்படிச் சொல்ல முடியும்?

அவருடைய உறவுக்காரர் ஆண்ட்ரூ சாக்கலெக்சிஸ் நெடுந்தூர ஓட்டக்காரர். 1912-இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் மராத்தானில் நான்காவதாக வந்தார். பாஸ்டன் மராத்தானில் 1912, 1913 இரண்டு முறையும் இரண்டாம் இடம். அந்தச் சின்னத் தீவில் இருந்து இப்படி இரண்டு பேர்!

1913-ஆம் ஆண்டு டிசம்பர் 24. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். மேய்ன் காட்டில் மரம் வெட்டிக்கொண்டிருந்தபோது லூயிஸ் சாக்கலெக்சிஸ் மாரடைப்பில் இறந்தார். வயசு 42. அவர் சட்டைக்குள் பழைய செய்தித்தாள் நறுக்குகள் இருந்தன என்று சொல்கிறார்கள். அவர் நன்றாக ஆடிய நாட்களின் நறுக்குகள். பிறகு நண்பர்கள் சேர்ந்து அவர் கல்லறைக்கு ஒரு நினைவுக்கல் வைத்தார்கள்.

பெயர் படுத்திய பாடு

கதை இன்னும் முடியவில்லை. கிளீவ்லாண்ட் நகரில் பின்னாளில் அமெரிக்கன் லீக் என்ற வேறொரு லீக்கில் வேறொரு அணி இருந்தது. 1915-இல் அந்த அணிக்குப் புதுப் பெயர் தேவைப்பட்டது. பத்திரிகைக்காரர்கள் கூடி இந்தியன்ஸ் என்று வைத்தார்கள். சாக்கலெக்சிஸின் நினைவாகத்தான் இந்தப் பெயர் என்று அணி நிர்வாகம் ரொம்ப காலம் சொல்லிக்கொண்டு வந்தது. அப்போது ஒரு பத்திரிகை அவரை நினைவுகூர்ந்து எழுதியது உண்மைதான். ஆனால் 1914-இல் பாஸ்டன் பிரேவ்ஸ் என்ற அணி, அதுவும் பூர்வகுடிப் பெயர் வைத்த அணி, சாம்பியன் ஆனதைப் பார்த்துத்தான் இந்தப் பெயர் வைத்தார்கள் என்று பல ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். பெயர் அறிவித்த அந்த நாட்களில் பத்திரிகைகளில் வந்ததில் மரியாதையைவிடக் கேலிதான் அதிகம்.

1947-இல் அந்த அணி ஒரு சின்னம் போட்டது. பெரிய பல், தலையில் இறகு. ஒருத்தரை கௌரவிக்கிறோம் என்று சொல்லிவிட்டுக் கேலிப்படம் போட்டால் அது என்ன கௌரவம்? பூர்வகுடி மக்கள், பெனாப்ஸ்காட் மக்கள் உட்பட, பல வருஷம் எதிர்த்தார்கள். 2018-ஆம் ஆண்டோடு அந்தச் சின்னத்தை வீரர்களின் சட்டையில் இருந்து எடுத்தார்கள். 2021-இல் கார்டியன்ஸ் என்ற புதுப் பெயரை அறிவித்தார்கள். 2022 முதல் அந்தப் பெயரில்தான் ஆடுகிறார்கள்.

சாக்கலெக்சிஸுக்குப் பின்னால் வந்த பூர்வகுடி வீரர்கள் கிட்டத்தட்ட எல்லாருக்கும் சீஃப், அதாவது தலைவன், என்று பட்டப்பெயர் வைத்தார்கள். மரியாதைக்காக வைத்தது இல்லை, கிண்டலுக்கு. சார்லஸ் பெண்டர் என்ற மாபெரும் பிட்சர் இருந்தார். உலகமே அவரை சீஃப் பெண்டர் என்றது. ஆனால் அவர் கையெழுத்துப் போடும்போது தன் சொந்தப் பெயரைத்தான் போடுவாராம். என் பெயர் எனக்குத் தெரியும் என்று சொல்லாமல் சொன்ன மாதிரி.

இப்போ காரணத்தைச் சொல்றேன்

எங்க வகுப்பில் ஒரு நண்பன் இருக்கான். மலை மேல் இருக்கும் கிராமத்தில் இருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான். போன வருஷம்தான் சேர்ந்தான். ஓட்டம்னா அப்படி ஒரு ஓட்டம். டீப் மிட்விக்கெட்டில் அவன் நின்றால் அந்தப் பக்கம் பவுண்டரி போகாது. கீப்பர் கைக்கு நேராக எறிவான்.

அவனுக்கு நாங்கள் ஒரு பட்டப்பெயர் வைத்தோம். அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் மறுபடியும் கூப்பிட்டது மாதிரி ஆகிவிடும். அவன் பந்தைத் துரத்தி ஓடும்போதெல்லாம் பெவிலியன் பக்கம் இருந்து ஒரு சத்தம் போடுவோம். காட்டில் கத்துகிற மாதிரி. ஆரம்பித்தது நான் இல்லை. ஆனால் நானும் போட்டேன். சத்தமாகவே போட்டேன். அவன் சிரிப்பான். சிரிக்கிறான், அவனுக்குக் கோபம் இல்லை, ஜாலியாத்தான் எடுத்துக்கிறான் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

அரைப்பரீட்சைக்கு அப்புறம் அவன் மைதானத்துக்கு வருவதை நிறுத்திவிட்டான். படிப்பு இருக்கு என்றான். நாங்களும் நம்பிவிட்டோம். அவன் இல்லாமல் ஆடிய மேட்ச்சில் அந்தப் பக்கமே நாலு பவுண்டரி போச்சு. அப்பக்கூட எனக்கு உறைக்கவில்லை.

பிறகு ஒரு நாள் லைப்ரரி பீரியடில் விளையாட்டு வீரர்கள் பற்றிய ஒரு புத்தகத்தில் சாக்கலெக்சிஸைப் பற்றிப் படித்தேன். கூட்டம் ஊளையிட்டது, அவர் சிரித்துக்கொண்டே நின்றார் என்ற இடத்துக்கு வந்தபோது சுருக்குன்னு இருந்துச்சு. அவர் சிரித்ததும் அவருக்குப் பிடித்திருந்தது என்றுதானே அந்த ரசிகர்களும் நினைத்திருப்பார்கள்? நான் அந்தக் கதையில் ரூஸியாக இல்லை, பர்கெட்டாக இல்லை, சாக்கலெக்சிஸாகவும் இல்லை. கேலரியில் வாயில் கைவைத்துக் கத்திக்கொண்டிருந்த ஆட்களில் ஒருத்தன் நான்.

ஒன்று தெளிவாகச் சொல்லணும். சாக்கலெக்சிஸின் வாழ்க்கை கெட்டதற்கு ஊளை மட்டும் காரணம் என்று நான் சொல்லவில்லை. குடி அவரை அழித்தது. கல்லூரிக் காலத்திலேயே அது இருந்தது. அதற்குப் பொறுப்பு அவருக்கும் உண்டு. ஆனால் ஒரு மனுஷனுக்கு ஏற்கெனவே ஒரு கஷ்டம் இருக்கும்போது, தினமும் ஆயிரம் பேர் நின்று அவன் பிறப்பைக் கேலி செய்தால், அவன் எழுந்து நிற்பது இன்னும் எவ்வளவு கஷ்டம்? அந்த ஆயிரம் பேரில் ஒருத்தன்கூட, நான் ஒருத்தன் கத்தினதால் என்ன ஆகிடப் போகுது என்றுதான் நினைத்திருப்பான்.

இதை எழுதலாமா என்று அந்த நண்பனிடம் போய்க் கேட்டேன். அவனிடம் மன்னிப்பும் கேட்டேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். பிறகு எழுது, என் பெயர் மட்டும் போடாதே என்றான். மைதானத்துக்கு வருவியா என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. கட்டாயப்படுத்த எனக்கும் உரிமை இல்லை.

எங்க டீம் பசங்க எல்லாரும் பேசி ஒரு முடிவு எடுத்திருக்கோம். இனிமேல் மைதானத்தில் யாரையும் அவங்க அப்பா அம்மா வைத்த பெயரில்தான் கூப்பிடுவோம். மீறுகிறவன் அன்றைக்கு ஆட முடியாது, தண்ணி பாட்டில் தூக்கணும். முதல் நாளே இரண்டு பேர் தூக்கினார்கள். அதில் ஒருத்தன் நான். பழக்க தோஷம்.

திங்கட்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்குப் பிராக்டிஸ். டீப் மிட்விக்கெட்டில் வேற யாரையும் நிறுத்தவில்லை. அந்த இடம் காலியாகவே இருக்கு.



இப்படிக்கு,
பத்தாம் வகுப்பு மாணவன், விளையாட்டுப் பகுதி